சீர்த்தட்டில் வந்த கரடி

அண்ணே, அந்தப் பைக்குள்ள இருக்கிறது பொம்மைங்களா? காது மட்டும் வெளிய தெரியுது, அதான் கேட்டேன். முயலா? சரி. பேட்டரி போடுற இடம் இருக்கான்னு பாத்தீங்களா? வயித்தைத் தடவிப் பாருங்க, இல்லாட்டி முதுகுல ஜிப்பு இருக்கும். இல்லையா? வெறும் பஞ்சா? அப்பச் சரி, நிம்மதியா உக்காருங்க. பஞ்சு பொம்மை நல்ல பொம்மை. வாயைத் திறக்காது.

நான் பொம்மைக்கு எதிரி இல்லைங்க. அப்படி நினைச்சுராதீங்க. என் பேரு தண்டபாணி, ஒட்டன்சத்திரம். காய்கறி மார்க்கெட்டுல ஏலம் கூறுறது தொழில். தக்காளியோ முருங்கையோ, எந்த மூட்டையா இருந்தாலும் என் வாயில இருந்து விலை வந்தாத்தான் அது விலை. இப்ப இந்த பஸ்ஸுல திருப்பூருக்குப் போறேன். என் பொண்ணு அங்க மச்சினன் வீட்டுல இருக்கு. நாலு வயசு. கூட்டிட்டு வரப் போறேன். அவ அம்மாவும் அங்கதான் இருக்கா. அவ வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். எனக்கு என் புள்ளை வேணும்.

முன்சீட்டுக்காரர் எதுக்குத் திரும்பிப் பாக்குறாரு? சத்தமாப் பேசறனா? பாக்கட்டும். என் குரலே இப்படித்தான். ஏலக் கொட்டகைல நூறு பேரு ஒரே நேரத்துல பேசுவான், அத்தனைக்கும் மேல என் சத்தம் கேக்கணும். கேட்டாத்தான் சோறு. வீட்டுக்கு வந்ததும் குரலைக் கழட்டி ஆணியில மாட்டிட்டு மெதுவாப் பேசுன்னா நடக்குமா? என் பொண்டாட்டி சுகந்திக்கு அது புரியல. இத்தனை வருசம் குடும்பம் நடத்தியும் புரியல. ஆனா அவளையும் நான் குறை சொல்ல மாட்டேன். நல்லாத்தான் இருந்தா. அந்தக் கரடி வந்துதான் எல்லாம் கெட்டுச்சு.

கரடின்னா காட்டுக் கரடி இல்லைங்க. பொம்மைக் கரடி. இந்தா, இவ்வளவு உசரம். மஞ்சக் கலரு, புசுபுசுன்னு முடி. என் மச்சினன் நந்தகோபால் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான். வெளிநாட்டுக்காரனோட பேசிப் பழகினவன். அந்தத் திமிரு நடையிலயே தெரியும். அவன் கொண்டாந்தது.

எங்க கொண்டாந்தான்னு கேளுங்க. காதுகுத்துக்கு. சீர்த்தட்டுலங்க!

பங்குனி மாசம், எங்க குலதெய்வம் கோயில்ல வெச்சோம். புள்ளைக்கு மொட்டை எடுத்து, தாய்மாமன் மடியில உக்கார வெச்சுக் காது குத்தணும். மாமன்காரன் சீரு கொண்டாரணும். மேளம் முன்னால வர, பின்னால பொம்பளைங்க வரிசையாத் தட்டு தூக்கிட்டு வருவாங்க. எந்தத் தட்டுல என்ன இருக்குன்னு ஊரே எட்டி எட்டிப் பாக்கும். பட்டுப் பாவாடை, பழம், பூ, இனிப்பு, கம்மல், எல்லாம் முறையாத்தான் வந்துச்சு. பொய் சொல்லக் கூடாது. கடைசித் தட்டைப் பாத்தா, வெத்தலை பாக்குக்கு நடுவுல இந்தக் கரடி சம்மணம் போட்டு உக்காந்திருக்கு.

மேளக்காரர் ஓங்கி ஒரு அடி அடிச்சாரு. அது சிரிக்க ஆரம்பிச்சிருச்சு. ஹிஹிஹிஹின்னு, கைக்குழந்தைக்குக் கிச்சுகிச்சு மூட்டினா சிரிக்குமே, அந்தச் சிரிப்பு. வயிறு குலுங்குது, தலை ஆடுது, அப்புறம் தொபுக்குன்னு மல்லாக்க விழுந்து காலை உதைக்குது. பாக்கெல்லாம் தெறிச்சுப் போச்சு. தட்டு தூக்கின அம்மா சிரிச்ச சிரிப்புல தட்டையே கீழ வெச்சிருச்சு.

அதைக்கூட விட்டுருவேன். சீரு வந்தா சபையில எடுத்துச் சொல்லணும், அது எங்க பக்கத்து வழக்கம். ஏலக்காரன் நான் இருக்கையில வேற எவன் சொல்லுவான்? மைக்கை வாங்கினேன். ‘சபையோர்களுக்கு வணக்கம்’னேன். ஹிஹிஹின்னுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் பல்லைக் கடிச்சுட்டு, ‘தாய்மாமன் நந்தகோபால் கொண்டு வந்திருக்கும் சீர்வரிசை’ன்னேன். மறுபடி ஹிஹிஹி. நான் வாயைத் திறந்தா அது சிரிக்குது, மூடினா அதுவும் நிறுத்துது. மைக்கைக் கீழ வெச்சுட்டேன். என் வாழ்க்கையிலயே பாதியில நிறுத்தின பேச்சு அது ஒண்ணுதான்.

நந்தகோபால் ஓடி வந்தான். “மாமா, கோவிச்சுக்காதீங்க. சத்தம் கேட்டாச் சிரிக்கிற மாதிரி செஞ்சிருக்காங்க மாமா. பாப்பாவுக்குப் புடிக்குமேன்னு வாங்கினேன்”ன்னான். நீங்களே சொல்லுங்கண்ணே. சத்தம் கேட்டாச் சிரிக்கிற பொம்மை. யாரு வீட்டுக்கு? தண்டபாணி வீட்டுக்கு. கடையில வேற பொம்மையே இல்லையா? சாதாரணமாக் குடுத்திருந்தாலும் போகட்டும், சீர்த்தட்டுல, வெத்தலை பாக்கோட வெச்சுக் குடுக்கிறான். சபையில வெச்சுக் கேலி பண்ணிட்டான். அது புரியாத அளவுக்கு நான் முட்டாள் இல்ல.

ஒண்ணு மட்டும் சொல்லணும். காது குத்துறப்போ பாப்பா வீல்னு கத்துச்சு. கத்தின சத்தத்துக்குக் கரடி சிரிச்சுச்சு. பாப்பா அழுகையை நிறுத்திட்டு அதைப் பாத்துச்சு. அப்புறம் அதுவும் சிரிச்சிருச்சு. மொட்டைத் தலையில சந்தனம், கண்ணு நிறையத் தண்ணி, சிரிப்பு. என் புள்ளை அப்படிச் சிரிச்சு அதுக்கு முன்னால நான் பாத்ததில்ல. எங்கிட்ட அது அவ்வளவாப் பேசாது. அப்பான்னா ஒரு மரியாதை.

பாப்பா கரடிக்குக் கிக்கின்னு பேரு வெச்சுச்சு. சோறு திங்கிறப்ப கிக்கி, தூங்குறப்ப கிக்கி. எனக்கு அந்த மூஞ்சியைக் கண்டாலே பத்திக்கிட்டு வரும். கண்ணாடிக் கோலி மாதிரி ரெண்டு கண்ணு, எந்நேரமும் இளிச்ச வாய்.

ஒரு நாள் மார்க்கெட்டுல இருந்து வந்து சாப்பிட உக்காந்தேன். ரசம் ஆறிக் கிடந்துச்சு. அதிகாலையில போய்த் தொண்டை கிழியக் கத்திட்டு வர்றவனுக்கு ஒரு சூடு ரசம் வேணாமா? கேட்டேன். சாதாரணமாத்தான் கேட்டேன். டிவி ஸ்டாண்டு மேல இருந்து ஹிஹிஹின்னுச்சு. திரும்பிப் பாத்து, ‘என்னடி இது’ன்னேன். மறுபடி ஹிஹிஹின்னு சிரிச்சு, மல்லாக்க விழுந்து, ரிமோட்டைத் தட்டிக் கீழ தள்ளிட்டுக் காலை உதைக்குது. பாப்பா கை தட்டிச்சு. சுகந்தி என்ன பண்ணா தெரியுமா? சிரிச்சா. வாயைப் பொத்திக்கிட்டுத்தான் சிரிச்சா, ஆனாலும் சிரிச்சா. கல்யாணம் பண்ணி அவ பல்லை நான் பாத்ததே அன்னைக்குத்தான். புருசனைப் பாத்தா சிரிக்கிறது? தட்டைத் தள்ளிவிட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டேன். வேற எதுவும் பண்ணல. எப்படிப் பண்ணுறது? எவனாவது சிரிச்சுட்டே இருந்தா உங்களுக்குக் கோவம் நிக்குமா? நிக்காதுங்க. கோவத்துக்கு ஒரு அமைதி வேணும்.

மறுநாளே பேட்டரியைக் கழட்டி வீசிட்டேன். சாயங்காலம் வந்து பாத்தா மறுபடி சிரிக்குது. மறுபடி கழட்டினேன், மறுபடி சிரிக்குது. என்னடான்னு வீடு பூரா தேடினா, துவரம்பருப்பு டப்பாவுக்குள்ள பேட்டரி ஒளிச்சு வெச்சிருக்கா. எம் பொண்டாட்டி! வாங்கி வாங்கிப் போடுறா! ‘ஏன்டி இப்படிப் பண்றே’ன்னு கேட்டேன். தலையைக் குனிஞ்சுட்டே சொன்னா, “அது சிரிச்சா நீங்க நிறுத்திடுறீங்க.” பாத்தீங்களா அவ புத்தியை! என்னத்தை நிறுத்துறேன் நான்? ஏதோ நான் தினமும் அடிச்சுக் கொல்ற மாதிரி. கை பட்டிருக்கும், இல்லைன்னு சொல்லல. ஒண்ணு ரெண்டு தடவை. எந்த வீட்டுல படல? உங்க வீட்டுல படலையா? சரி விடுங்க, நீங்க படிச்சவரு மாதிரித் தெரியுது, சொல்ல மாட்டீங்க.

அம்மா சொல்லிக் குடுத்துச்சோ, தானாத்தான் பண்ணிச்சோ, பாப்பாவும் ஒரு புதுப் பழக்கம் புடிச்சிருச்சு. வாசல்ல நான் செருப்பைக் கழட்டுற சத்தம் கேட்டாப் போதும், ஓடிப் போய் அந்தக் கரடியைத் தூக்கிட்டு வந்து சமையக்கட்டு வாசப்படியில உக்கார வெச்சிரும். காவலுக்கு வெச்ச மாதிரி. உள்ள சுகந்தி, வெளிய நான், நடுவுல அது. வெச்சுட்டு, கதவுக்குப் பின்னால போய் நின்னுக்கும். விளையாட்டுப் புள்ளைதானே. ஆனா என் வீட்டு வாசப்படியைத் தாண்ட நான் ஒரு கரடிகிட்ட உத்தரவு கேக்கணுமா?

ஒரு நாள் உதைச்சேன். ஆமா, உதைச்சேன். செவுத்துல போய் மோதி விழுந்துச்சு. நின்னுச்சா? இன்னும் அதிகமாச் சிரிக்குது! தூக்கி இன்னொரு தடவை அடிச்சேன். ஒரு கண்ணு தெறிச்சுப் போச்சு, குரல் இழுத்துக்கிச்சு, ஹீ... ஹீ...ன்னு மூச்சிரைக்கிற கிழவன் மாதிரி ஆயிருச்சு, அப்பவும் சிரிக்குது. எனக்கு வெறி வந்துருச்சுங்கண்ணே. அதைத் தொட்டித் தண்ணியில போட்டு அமுக்கினேன். தண்ணிக்குள்ள இருந்து சிரிப்பு வருது, குமிழ் குமிழா. பாப்பா கதவுக்குப் பின்னால நின்னு பாத்துட்டு இருந்துச்சு. அழலைங்க. ஒரு சொட்டு அழல. அவ்வளவு தங்கமான புள்ளை.

ஈரத்தோடயே மூட்டையில கட்டி மார்க்கெட்டுக்குக் கொண்டு போய், அழுகின காயெல்லாம் கொட்டுற குப்பையில எறிஞ்சேன். மாடு தின்னட்டும்னு. அதோட விட்டுச்சா? முருங்கை ஏலம் நடந்துட்டு இருக்கு. கேரளா வியாபாரிங்க எல்லாம் நிக்கிறாங்க. நான் குரலை ஏத்தி ஒருதரம்னேன். குப்பையில இருந்து ஹீ... ஹீ...ன்னு வருது. ரெண்டுதரம்னேன். ஹீ... ஹீ... மொத்தக் கொட்டகையும் சிரிச்சிருச்சு. மூட்டை தூக்குறவன்ல இருந்து முதலாளி வரைக்கும் சிரிக்கிறான். என் தொழில்லங்க! என் குரலுக்கு அடங்கின இடத்துலங்க! இறங்கிப் போய், அதை எடுத்து, பின்னால வந்துட்டு இருந்த டெம்போ சக்கரத்துக்கு அடியில போட்டேன். அதோட தீந்துச்சு.

கொஞ்ச நாள் வீடு வீடா இருந்துச்சு. ரசம் சூடா வந்துச்சு. யாரும் சிரிக்கல, யாரும் பேசல. ஒரு மனுசனுக்கு வேற என்ன வேணும்?

அப்புறம் ஒரு நாள், சுகந்தி அவ தம்பிகிட்டப் போன்ல பேசிட்டு இருக்கா. நான் வந்ததும் டக்குனு கட் பண்றா. என்ன பேசினேன்னு கேட்டேன். ஒண்ணுமில்லைங்கிறா. ஒண்ணுமில்லாததை எதுக்கு கட் பண்ணணும்? கேட்டேன். இன்னும் கொஞ்சம் சத்தமாக் கேட்டேன். கையும் கொஞ்சம் மேல போயிருக்கும். எனக்குப் பின்னால இருந்து ஹிஹிஹிஹின்னுச்சு.

அந்தக் கரடி செத்ததை நானே கண்ணால பாத்தேனே! இன்னொண்ணு வாங்கி ஒளிச்சு வெச்சுட்டாளான்னு பரண் மேல பாத்தேன், கட்டிலுக்கு அடியில குனிஞ்சு பாத்தேன். ஒண்ணும் இல்ல. நிமிந்து பாத்தா பாப்பா நிக்குது. எனக்கும் அவ அம்மாவுக்கும் நடுவுல, சரியா அந்த வாசப்படியில. அது வாயில இருந்துதாங்க அந்தச் சிரிப்பு வருது. அச்சு அசல் அதே சிரிப்பு. வயித்தைக் குலுக்குது, தலையை ஆட்டுது, தொபுக்குன்னு மல்லாக்க விழுந்து காலை உதைக்குது. பின்மண்டை தரையில ணங்குனு மோதின சத்தம் கேட்டுச்சு. அப்பவும் நிறுத்தல. கண்ணு மட்டும் என்னையே பாத்துட்டு இருந்துச்சு. கண்ணு சிரிக்கல. சின்னப் புள்ளைதானே, முழுசா நடிக்க வரல. சிரிச்ச சிரிப்புல பாவாடையோட ஒண்ணுக்குப் போயிருச்சு. அவ்வளவு சேட்டை.

நான் என்ன பண்ணுறது? கையைக் கீழ போட்டுட்டேன். ‘எந்திரிடா சாமி’ன்னேன். எந்திரிக்கல. நான் வாசலுக்குப் போனப்புறம்தான் சிரிப்பை நிறுத்துச்சு.

அதுக்கப்புறம் இதே வேலை. நான் ஒரு வார்த்தை உசத்திப் பேசினாப் போதும், ஓடி வந்து நடுவுல விழுந்து சிரிக்கும். நான் ஆணி அடிக்கிறேன், சிரிக்குது. தெருவுல எவனோ பட்டாசு வெடிச்சான், சிரிக்குது. அது படிக்கிற சின்னப் புள்ளைங்க ஸ்கூல்ல இருந்து மிஸ்ஸு கூப்பிட்டுச்சு. ரைம்ஸ் சொல்லிக் குடுக்க பலமாக் கை தட்டினாளாம், என் பொண்ணு கீழ விழுந்து சிரிக்க ஆரம்பிச்சிருச்சாம், மத்த புள்ளைங்க எல்லாம் பயந்து அழுதுதாம். “இது சிரிப்பு மாதிரித் தெரியல சார், ஒரு டாக்டர்கிட்டக் காட்டுங்க”ங்கிறா. சிரிப்பு மாதிரித் தெரியலைன்னா வேற என்ன மாதிரித் தெரியுது? நல்லாக் கேட்டேன். ‘உனக்குப் புள்ளை வளக்கத் தெரியல, எம் புள்ளையைப் பைத்தியம்னு சொல்றியா’ன்னு அந்த ஆபீஸ் ரூமே அதிரக் கேட்டேன். பாப்பா பக்கத்துலயே நின்னுட்டு இருந்துச்சு. மிஸ்ஸு மேசைக்கும் எனக்கும் நடுவுல போய் விழுந்துச்சு.

அன்னைக்குச் சாயங்காலம் நான் மார்க்கெட் போயிட்டுத் திரும்பினா வீடு பூட்டிக் கிடக்கு. பக்கத்து வீட்டுல சாவி. நந்தகோபால் கார் வெச்சுட்டு வந்து கூட்டிட்டுப் போயிட்டானாம். பாத்தீங்களா? கரடியை அனுப்பிக் குடும்பத்தைக் கெடுத்தான், அப்புறம் கார் கொண்டாந்து அள்ளிட்டுப் போயிட்டான். எல்லாம் அன்னைக்குச் சீர்த்தட்டுலயே போட்ட திட்டம்.

வீடு வெறிச்சுன்னு கிடக்குங்கண்ணே. சத்தம் போட்டா எதிரொலி கேக்குது. பாப்பாவோட சின்னச் செருப்பு வாசல்ல அப்படியே கிடக்கு. அதைப் பாத்தா எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது. என் ரத்தம் அது. என்னை விட்டா அதுக்கு யாரு இருக்கா? அப்பன் இல்லாம ஒரு பொண்ணு வளருமா?

அடம் புடிச்சுட்டு இருந்தான் நந்தகோபால், போனே எடுக்கல. நேத்துதான் எடுத்தான். “மாமா, அக்கா பேசாது. பாப்பாகிட்ட வேணா ஸ்பீக்கர்ல போடுறேன். நீங்க மெதுவாப் பேசினா மட்டும்தான்”னான். எனக்கே ரூல்ஸ் போடுறான். இருந்தாலும் அடங்கினேன். எம் புள்ளைக்காக அடங்கினேன். இந்தக் குரலை எவ்வளவு கீழ கொண்டார முடியுமோ அவ்வளவு கீழ கொண்டாந்து, கோயில் கருவறை முன்னால பேசுற மாதிரி, ‘பாப்பா... அப்பா பேசறேன்டா’ன்னேன். அவ்வளவுதாங்க சொன்னேன். வேற ஒண்ணுமே சொல்லல.

மூச்சு விடுறது மட்டும் கேட்டுச்சு. அப்புறம் சிரிச்சுச்சு. ஹிஹிஹிஹின்னு. அப்புறம் என்னமோ தொப்புனு விழுற சத்தம். சுகந்தி அலறுற மாதிரி ஒரு சத்தம். போன் கட் ஆயிருச்சு.

அதான் இன்னைக்கு முதல் வேலையாக் கிளம்பிட்டேன். அப்பன் குரலைக் கேட்டதும் புள்ளை சந்தோசத்துல சிரிச்சிருக்கு. நான் கத்தலையே. மெதுவாத்தானே பேசினேன். அதுக்குச் சிரிச்சா சந்தோசம்தானே? வேற என்னவா இருக்கும்? சொல்லுங்க. நீங்க சொல்லுங்கண்ணே, புள்ளைக்குப் பொம்மை வாங்கிட்டுப் போறவரு, உங்களுக்குத் தெரியாதா? சந்தோசம்தானே? ஏன் பேசாம இருக்கீங்க? கேக்குறேன்ல? எந்திரிச்சு எங்க போறீங்க, உக்காருங்க. உக்காருங்கன்றேன்! வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லுங்க!

என்ன... நீங்க எதுக்கு இப்பச் சிரிக்கிறீங்க?